ஆன்ஃபீல்டு நிர்வாகக் குழு, செந்தூல் கிளை

லிவர்பூல் கழகத்தில் யாருடைய ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்பது என் அக்கா மகனுக்கு மனப்பாடம். ஆட்டக்காரர்களோடு நிறுத்த மாட்டான். விளையாட்டு இயக்குநர், கோல்காவலர் பயிற்சியாளர், தரவு ஆய்வாளர், சத்துணவு ஆலோசகர் என்று ஒருவரையும் விட்டுவைப்பதில்லை. அவனுடைய அலுவலகத்தில் பக்கத்து அறைக்காரர் வேலையை விட்டுப் போய் ஒரு மாதம் கழிந்த பிறகுதான் அவனுக்குச் சங்கதியே தெரிந்தது. இத்தனைக்கும் அங்கே அவன் மனிதவள மேலாளர்.

கோலாலம்பூரில், செந்தூல் பக்கம் ஒரு மாமாக் கடை. சனி இரவு பத்துக்கோ பதினொன்றுக்கோ ஆட்டம் தொடங்கும். பெரிய திரைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்காருவோம். திரையில் பந்து ஓடும். மேசையில் ஓடுவது வேறு. விளையாட்டு இயக்குநர் போவதற்கு எத்தனை மாதம் முன்னால் அடுத்தவரைப் பார்த்து வைத்திருக்க வேண்டும், துணைப் பயிற்சியாளரை வெளியே விட்டது சரியா, முப்பதைத் தாண்டியவருக்கு இரண்டாண்டுக்கு மேல் கையெழுத்துப் போடலாமா என்று, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒரு கழகத்தின் ஆள்சேர்ப்பு, ஆள்நீக்கம், வாரிசு ஏற்பாடு மூன்றையும் ஒரே தே தாரேக்கில் முடித்துவிடுவோம். கோல் விழுந்தால் ஒரு நிமிடம் நிறுத்துவோம்.

நான் சிறுவனாக இருந்தபோது இதே செந்தூலில் இதே கழகத்துக்காக உயிரை விட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் துணைப் பயிற்சியாளர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. அந்தக் காலத்தில்தான் லிவர்பூல் ஐரோப்பாவையே கையில் வைத்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று எங்கள் மேசையில் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு வரைபடம் போட்டுக் காட்டுவார்கள்.

அப்பா இரயில்வே பட்டறையில் ஃபிட்டர். செந்தூலில் பாதி வீடுகள் இரயில்வே குவார்ட்டர்ஸ். மாலையானால் திடலில் காற்பந்து, இருட்டினால் வாசற்படியில் காற்பந்துப் பேச்சு. ஊர்ப் பெருமைக்கு மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், கோல் கம்பத்துக்கு நடுவே நம் ஆறுமுகம். வெளியூர்ப் பைத்தியத்துக்கு இங்கிலாந்து லீக். அந்தப் பைத்தியத்துக்குத் தீனி மூன்று வழியில் வந்தது. ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்து ஓரம் ஒன்று. கப்பலில் வந்து, பல கை மாறி, அட்டை கிழிந்து எங்களிடம் சேரும் 'ஷூட்' வார இதழ் இன்னொன்று. மூன்றாவது, சிற்றலையில் பிபிசி. சனிக்கிழமை நள்ளிரவு தாண்டிய பிறகு முடிவுகளை வாசிப்பார்கள். அப்போது நமக்கும் அவர்களுக்கும் ஏழரை மணி நேர வித்தியாசம்; நம் கடிகாரத்தை அரைமணி தள்ளி வைத்தது 1982-இல்தான். வாசிப்பவரின் குரல் முதல் அணியின் பெயரில் ஏறி இரண்டாவதில் இறங்கினால், எண்ணைச் சொல்லும் முன்பே அப்பா வானொலியை அணைத்துவிடுவார். லிவர்பூல் வெளியூரில் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

இந்த மூன்று வழியிலும் வந்து சேராத ஒரு தகவல் உண்டென்றால், அது மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது.

1974 ஜூலை 12-ஆம் தேதி பில் ஷாங்க்லி விலகினார். ஜெர்மனி உலகக் கோப்பையைத் தூக்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பேச்சே ஓயாத நேரம். இரண்டாம் டிவிஷனில் கிடந்த கழகத்தை 1959 கடைசியில் கையில் எடுத்து, மூன்று முறை லீக் வெல்ல வைத்த மனிதர். லிவர்பூல் நகரத்தில் தொலைபேசி மணி ஓயவில்லையாம். அவர் திரும்பி வராவிட்டால் வேலைநிறுத்தம் செய்வோம் என்று தொழிற்சாலைக்காரர்கள் மிரட்டினார்களாம். செந்தூலில் வேலைநிறுத்தம் நடக்கவில்லை. ஆனால் அந்த மாதக் கடைசியில் ஓர் இரவு எங்கள் வாசற்படியில் கூட்டம் கூடியது.

"அடுத்தது யாருடா?"

"ஆட்டத்துக்கு நடுவுல யாராச்சும் விழுந்தா மருந்துப்பையத் தூக்கிக்கிட்டு ஓடி வருவாரே, அவருதானாம்."

"அவரா? படத்துலகூட ஓரமாத்தானடா நிப்பாரு!"

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பட்டறையில ஃபோர்மேன் போனா சார்ஜ்மேன் வர்றாரு. இதுல என்னா அதிசயத்தக் கண்டுட்டீங்க?"

விவாதம் முடிந்தது. உலகக் காற்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த வாரிசு மாற்றத்தைச் செந்தூல் இரயில்வே குவார்ட்டர்ஸ் அலசி ஆராய எடுத்துக்கொண்ட நேரம், ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்.

மருந்துப்பைக்காரர் பெயர் பாப் பெய்ஸ்லி. 1939 முதல் அந்தக் கழகத்திலேயே கிடந்தவர். ஆட்டக்காரர், காயம் பார்ப்பவர், பயிற்சியாளர் என்று எல்லா வேலையும் செய்தவர். மேனேஜர் பதவியை வேண்டா வெறுப்பாகத்தான் ஏற்றார். முதல் ஆண்டு கோப்பை ஒன்றும் இல்லை. பிறகு எட்டு ஆண்டில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கோப்பை. இன்றைய எங்கள் வாட்ஸ்அப் குழு அன்று இருந்திருந்தால், அந்தக் கோப்பையில்லாத முதல் ஆண்டின் டிசம்பரிலேயே மனிதரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். காரணமும் எழுதியிருப்போம்: வெளி அனுபவம் இல்லை, ஊடகத்தோடு பேசத் தெரியவில்லை.

ஷாங்க்லி ஓய்வுபெற்ற பிறகும் காலையில் மெல்வுட் பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டே இருந்தார். ஆட்டக்காரர்களும் பழக்கதோஷத்தில் அவரைத்தான் 'பாஸ்' என்று கூப்பிட்டார்கள். பக்கத்தில் புது பாஸ் நெளிந்துகொண்டிருந்தார். கடைசியில், வர வேண்டாம் என்று பழைய பாஸுக்கு உணர்த்த வேண்டியதாயிற்று. மனம் நொந்த ஷாங்க்லி, பரம எதிரியான எவர்ட்டன் திடலில் போய்ப் பொழுதைக் கழித்தார். இதெல்லாம் எங்களுக்குப் பல ஆண்டு கழித்துப் புத்தகங்களில் படித்துத்தான் தெரியும். தெரியாமல் இருந்ததால் நாங்கள் நிம்மதியாகக் கோல்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆள் விற்பது, வாங்குவது பற்றிய பேச்சும் அப்படித்தான். 1977-இல் ரோமில் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கையோடு கெவின் கீகன் ஹாம்பர்க்குக்குப் போனார். 7-ஆம் எண் சட்டை காலி. கோடைகாலம் முழுக்கத் துக்கம். ஆகஸ்டில் செல்டிக்கிலிருந்து கென்னி டல்கிளீஷ் வந்தார். அப்பாவின் கணக்கு இன்றும் காதில் இருக்கிறது: "வித்தது அஞ்சு லட்சம் பவுன். வாங்குனது நாலு லட்சத்து நாப்பதாயிரம். அறுபதாயிரம் கையில மிச்சம், ஆளும் ஒரு படி மேல. வெள்ளக்காரன் கணக்குல கெட்டிதான்."

2025 செப்டம்பரில் நியூகாசிலிலிருந்து ஐசாக் 125 மில்லியன் பவுனுக்கு வந்தபோது கணக்குப் போட்டவர் என் மாப்பிள்ளை. கணக்காய்வாளர், காற்பந்தை விட அதன் ஐந்தொகைதான் அவருக்குப் பிடிக்கும். "ஒப்பந்தம் ஆறு வருஷம்னாலும் அஞ்சு வருஷத்துக்கு மேல பிரிச்சு எழுத முடியாது மாமா, விதி மாறிடுச்சு. அப்ப வருஷத்துக்கு 25 மில்லியன். மூணு வருஷத்துல 105 மில்லியனுக்கு மேல நட்டம் காட்டக் கூடாது. கழகத்துலயே வளர்ந்த பிள்ளைய வித்தா முழுசும் லாபம். வாங்கின ஆள வித்தா, எழுதினது போக மீதிக்குத்தான்..." இப்படியே ஒரு ரொட்டி சானாய் ஆறிப்போகும் வரை போனார். நான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மாப்பிள்ள, பையன் இங்க நல்லா ஆடுவானா?" என்றேன்.

"அது வேற டிப்பார்ட்மென்ட், மாமா."

அந்தக் காலத்தில் டிப்பார்ட்மென்ட் ஒன்றுதான். ஆன்ஃபீல்டு அரங்கின் நடைபாதை ஓரத்தில் ஒரு சின்ன அறை. ஆட்டக்காரர்களின் பூட்ஸ் மாட்டி வைக்கிற இடம். அதனால் பெயரும் பூட் ரூம். உட்காருவதற்கு பீர் பெட்டிகள். ஷாங்க்லியின் உதவியாளர்கள் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட், ரானி மோரன் எல்லோரும் அங்கேதான் கூடிப் பேசினார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணி மேனேஜரையும் உள்ளே கூப்பிட்டு உபசரிப்பார்கள். வந்தவர் குடித்துவிட்டு, தன் கழகத்தில் யார் நன்றாக ஆடுகிறான், யாருக்கு முழங்கால் வலி என்று உளறிவிட்டுப் போவார். இன்று ஒரு கட்டடம் நிறைய ஆட்களும் கணினிகளும் செய்கிற வேலையை ஒரு பெட்டி பீர் செய்தது.

1983-இல் பெய்ஸ்லி போனார். அதே அறையிலிருந்து ஃபேகன் எழுந்து வந்தார். அறுபதைக் கடந்தவர். முதல் ஆண்டிலேயே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றும். 1985-இல் ஹெய்சல் அரங்கில் 39 பேர் இறந்த அந்த இரவோடு அவர் ஒதுங்கிக்கொண்டார். டல்கிளீஷ் ஆட்டக்காரராக இருந்துகொண்டே மேனேஜர் ஆனார். முதல் ஆண்டிலேயே லீக்கும் எஃப்ஏ கோப்பையும். மூன்று முறை பதவி கைமாறியது. ஒருமுறைகூட வெளியிலிருந்து ஆள் தேடவில்லை. செந்தூலில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஓரத்தில் நின்றவர் நடுவில் வந்து நிற்கிறார் என்பதுதான்.

இதைக் கேட்டதும் என் வயதுக்காரர்கள் பெருமூச்சு விட்டு, அது பொற்காலம் என்பார்கள். நானும் சேர்ந்து விடுவேன். ஆனால் பாதி மூச்சுதான். அங்கே திட்டம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஒரு வரிசை இருந்தது, அவ்வளவுதான். வரிசை தீர்ந்ததும் வண்டி நின்றுவிட்டது. 1991 பிப்ரவரியில் எவர்ட்டனோடு 4-4 என்று முடிந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியை விட்டு டல்கிளீஷ் விலகினார். ஹில்ஸ்பரோ அரங்கு நெரிசல் துயரத்துக்குப் பிறகு இறந்தவர்களின் குடும்பங்களோடு நின்று, சவ ஊர்வலங்களில் நடந்து, உள்ளுக்குள் ஓய்ந்துபோயிருந்த மனிதர். அவருக்குப் பின்னால் யார் என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. மோரன் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார்; அடுத்த மேனேஜராகச் சூனஸ் வந்தார்; 1993-இல் அந்தப் பூட் ரூமை இடித்துப் பத்திரிகையாளர்களுக்கு அறை கட்டினார்கள். பேசாமல் வேலை பார்த்தவர்களின் இடம், பேச்சையே வேலையாகக் கொண்டவர்களுக்குப் போனது. 1990-க்குப் பிறகு அடுத்த லீக் பட்டம் 2020-இல்தான்.

முப்பது ஆண்டு. கோப்பை வருகிற வீட்டில் யாரும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. கோப்பை வராத வீட்டில்தான் நிர்வாக ஆராய்ச்சி வளரும். வென்றபோது எங்களுக்குத் தெரியாத பெயர்களையெல்லாம் தோற்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். பாஸ்மன் தீர்ப்பு என்ன என்பது, 1999-இல் மெக்மனமன் ஒப்பந்தம் முடிந்து, கழகத்துக்கு ஒரு காசும் கிடைக்காமல் ரியால் மாட்ரிட்டுக்கு நடந்தே போனபோது புரிந்தது. முதலாளிகளின் கடன் எவ்வளவு என்பது 2010-இல் கழகம் நீதிமன்றம் வரை போய்க் கைமாறியபோது புரிந்தது. அதற்குள் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்து, இணையம் வந்து, கைப்பேசியும் வந்தாயிற்று. தகவலுக்காக நாங்கள் காத்துக் கிடந்தது போய், தகவல் எங்களுக்காகக் காத்துக் கிடந்தது.

எங்கள் மேசை ஒரு துணைப் பயிற்சியாளருக்காக முதல்முறை அடித்துக்கொண்டது 2018 ஏப்ரல் கடைசியில். மேனேஜர் யூர்கன் க்ளாப்போடு மைன்ஸ் காலத்திலிருந்து கூடவே இருந்த ஜெல்கோ புவாச், 'மூளை' என்று க்ளாப்பே சொன்ன மனிதர், ரோமா அணியோடு அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு காணாமல் போனார். சொந்தக் காரணம் என்றது கழகம். மேசை நம்பவில்லை. மூளை போனபின் உடம்பு எத்தனை நாள் ஓடும் என்று அக்கா மகன் கேட்டான். மூன்று நாள் யாருக்கும் பசியாறல் இறங்கவில்லை. உடம்பு நன்றாகத்தான் ஓடியது: அந்த ஆண்டு இறுதியாட்டம், அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பை, அதற்கடுத்த ஆண்டு லீக். புவாச் பெயரை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எங்கள் மேசையில் ஒரு தீர்க்கதரிசனம் பொய்த்தால் அதைப் புதைக்கிற வழக்கமில்லை; அடுத்த பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்.

அதன்பின் எல்லாரையும் தெரிந்துவைத்தோம். த்ரோ-இன் வீசக் கற்றுக்கொடுக்கவே டென்மார்க்கிலிருந்து தாமஸ் க்ரோனமார்க் என்று ஒருவர் வந்தார். நீண்ட தூரம் வீசுவதில் உலகச் சாதனை வைத்திருந்தவர். 2023-இல் அவர் போனபோதும் இரங்கல் கூட்டம் நடந்தது. ஆள் பிடிப்பதற்குத் தரவு ஆராய்கிற பிரிவின் தலைவர் இயன் கிரகாம், கேம்பிரிட்ஜில் இயற்பியல் முனைவர். அவருக்கு அடுத்து வந்த வில் ஸ்பியர்மேன், செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள்களை ஆராய்ந்தவர். என் காலத்தில் ஆள் பிடிப்பவர் ஜெஃப் ட்வென்டிமேன். ஸ்காட்லாந்து மழையில் நனைந்து, பார்த்ததை நோட்டில் எழுதி வைப்பார். ஆலன் ஹேன்சன் அப்படி வந்தவர்தான். ட்வென்டிமேன் 1986-இல் போனது எங்களுக்குத் தெரியாது. இருந்ததே தெரியாது.

விளையாட்டு இயக்குநர் மைக்கேல் எட்வர்ட்ஸ் கதை இன்னும் ருசி. சாலா, வான் டைக், ஆலிசன் மூவரையும் கொண்டுவந்தவர். 2021 நவம்பரில் ஒரு கடிதம் எழுதினார்: ஒரே இடத்தில் பத்தாண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தன் கணக்கு, அதனால் கோடையில் கிளம்புகிறேன். வாரிசு தயாராக இருந்தார்: கூடவே வேலை பார்த்த ஜூலியன் வார்டு. அக்கா மகன் பூரித்துப் போனான். பாடப்புத்தகத்தில் வருகிற மாதிரி இருக்கிறது என்றான். பதவியேற்ற ஆண்டின் நவம்பரிலேயே, பருவம் முடிந்ததும் போகிறேன் என்று வார்டு சொல்லிவிட்டார். கிரகாமும் சொல்லிவிட்டார்.

"உன் ப்ளான் என்னாடா ஆச்சு?" என்றேன்.

"ப்ளான் நல்லாத்தான் மாமா இருந்திச்சு. ஆளுங்கதான் இருக்க மாட்டேங்கறாங்க."

எங்கள் மேசையில் ஒரு மான்செஸ்டர் யுனைடெட்காரர் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரைச் சார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்; பில் வரும்போது கூடுதல் மரியாதையோடு கூப்பிடுவோம். வாரிசு ஏற்பாடு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுக்கு அவர்தான் நடமாடும் பாடம். 2013-இல் மேனேஜர் ஃபெர்குசனும் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் ஒரே கோடையில் வெளியேறினார்கள். ஃபெர்குசனே கைகாட்டிய மோயஸ் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்து, பழைய பயிற்சியாளர்களை மாற்றி, அடுத்த ஏப்ரலில் கிளம்பினார். 2024-இல் நியூகாசிலிலிருந்து டான் ஆஷ்வொர்த் என்ற விளையாட்டு இயக்குநரைப் பிடித்தார்கள். நியூகாசில் அவரை பிப்ரவரியிலிருந்து வீட்டில் உட்கார வைத்தது. ஜூலையில் யுனைடெட்டில் நுழைந்தார், டிசம்பரில் வெளியே வந்தார். "காத்திருந்தது அஞ்சு மாசம், வேல பாத்தது அஞ்சு மாசம்," என்பார் சார், இன்னொருவர் வீட்டுச் சாவைச் சொல்வது போல.

2024 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. தைப்பூசத்துக்கு மறுநாள். முதல்நாள் பத்துமலையில் நடந்த கால்கள் இன்னும் வீங்கியிருந்தன. எங்களில் ஒருவன் காவடி எடுத்தவன். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர, இரண்டு காலையும் எதிர் நாற்காலியில் தூக்கி வைத்திருந்தான். அந்த மாலையில்தான் க்ளாப்பின் செய்தி வந்திருந்தது: 2026 வரை ஒப்பந்தம் இருந்தும், மே மாதத்தோடு விலகுகிறார். சக்தி தீர்ந்துகொண்டு வருகிறதாம்.

"நேத்து காவடியத் தூக்கிக்கிட்டு 272 படி ஏறி எறங்கினவன் நானு," என்றான் மொட்டை. "இன்னைக்குக் காலையில வேலைக்குப் போயாச்சு. கோடி கோடியா சம்பளம் வாங்கறவருக்குச் சக்தி இல்லையாம்!"

அக்கா மகன் காதில் வாங்கவில்லை. பில்லைத் திருப்பிப் போட்டுக் கட்டம் வரைந்துகொண்டிருந்தான். மேலே முதலாளிகள். அதன்கீழ் விளையாட்டு இயக்குநர்: ஷ்மாட்கே, தற்காலிகமாக வந்தவர், இந்த மாதத்தோடு போகிறார். அதன்கீழ் மேனேஜர்: போகிறார். பக்கத்தில் துணைவர்கள் லைண்டர்ஸ், க்ராவியெட்ஸ்: கூடவே போகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி போட்டு முடித்தபோது தாளில் முதலாளிகளும் ஒரு குழம்புக் கறையும் மட்டும் மிஞ்சியிருந்தன. "மொதல்ல இயக்குநர். அவர்தான் மேனேஜரத் தேர்ந்தெடுக்கணும். வரிசை மாறினா நாசம்," என்றான். முன்னாள் ஆட்டக்காரர் அலோன்ஸோதான் வர வேண்டும் என்று மேசை ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

கடைக்காரப் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "தம்பி, என் மவன் ஆஸ்திரேலியாவுல வீடு வாங்கிட்டான். எனக்கப்பறம் இந்தக் கடைய யாரு பாக்கறதுன்னு இதே மாரி ஒரு கட்டம் போட்டுக் குடுங்களேன்."

மேசை கொஞ்சம் யோசித்தது. பிறகு ஆளுக்கு ஒரு ரொட்டி சொன்னோம்.

அலோன்ஸோ லெவர்குசனிலேயே இருந்துகொண்டார். ஃபெயனூர்டிலிருந்து ஆர்னே ஸ்லாட் வந்தார். க்ளாப்பே கடைசி நாளில் அரங்கின் நடுவில் நின்று அவர் பெயரைப் பாடி வைத்துவிட்டுப் போனார். எட்வர்ட்ஸ் முதலாளிகளின் பக்கத்தில் பெரிய பதவியோடு திரும்பி வந்தார். அந்தக் கோடையில் வாங்க நினைத்த ஸுபிமெண்டி வர மறுத்தார். அணிக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர் கியேசா ஒருவர்தான். மேசை கொதித்தது, வாரிசுத் திட்டமாம், மண்ணாங்கட்டியாம். 2025 ஏப்ரல் 27-ஆம் தேதி டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்து லிவர்பூல் இருபதாவது பட்டத்தை வென்றது. மறுவாரம் அதே மேசையில், ஒன்றும் வாங்காமல் இருந்ததுதான் அசல் திட்டம் என்று எல்லாரும் விளக்கினார்கள். முதலிலிருந்தே சொல்லி வந்தோமாம்.

அந்தக் கோடை பணத்தைக் கொட்டினார்கள். அதற்கு நடுவே ஜூலை 3-ஆம் தேதி ஆட்டக்காரர் தியோகோ ஜோட்டாவும் அவர் தம்பியும் கார் விபத்தில் போய்விட்டார்கள். கழகம் 20-ஆம் எண்ணை இனி யாருக்கும் இல்லையென்று எடுத்து வைத்தது. அந்த இடத்துக்கு அடுத்தது யார் என்று எங்கள் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. எங்களைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளக் கூடிய நல்ல விஷயங்களில் அது ஒன்று.

நவம்பர் கடைசிக்குள் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி. காரணம் தேடிக் களைத்த மேசை, துணைப் பயிற்சியாளர் ஹைட்டிங்காவைக் கண்டுபிடித்தது. அவர் கோடையில் அயாக்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டாரே, அங்கேதான் ஓட்டை! பட்டம் வென்ற இரவில் அவர் பெயரை ஒருவரும் உச்சரித்ததில்லை. அவர் இல்லாததால்தான் லிவர்பூல் தோற்கிறது என்று நாங்கள் நிரூபித்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், அவர் இருந்தும் தோற்கிறோம் என்று அயாக்ஸ் அவரை அனுப்பிவிட்டது. எங்கள் ஆய்வுக்கு இது இடைஞ்சலாக இருந்ததால் சேர்த்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு ஞானமும் வீணாகப் போகக் கூடாதல்லவா. எங்கள் வட்டாரத்தில் ஒரு காற்பந்துச் சங்கம் உண்டு. மேசைக்காரர்கள் பலர் அதன் பொறுப்பாளர்கள். தலைவர் பதவிக்கு வந்தது தொண்ணூறுகளில்; அப்போது லிவர்பூலுக்கு மேனேஜர் ராய் எவன்ஸ். செயலாளருக்குப் பந்துகள் வைக்கிற அறையின் சாவியை அடுத்தவரிடம் கொடுத்தால் காய்ச்சல் வரும். பொருளாளர் நான், தகுதியான ஆள் கிடைத்ததும் ஒப்படைத்துவிடுவதாக ஒவ்வோர் ஆண்டும் அறிக்கையில் எழுதுகிறேன், வரியை மாற்றியதில்லை. போன பொதுக்கூட்டத்தில் தலைவர் உருக்கமாகப் பேசினார். உச்சத்தில் இருக்கும்போதே விலகத் தெரிந்த க்ளாப் எங்கே, பத்தாண்டுக்கு மேல் கூடாது என்று கடிதம் எழுதிய எட்வர்ட்ஸ் எங்கே, நம்மவர்கள் எங்கே என்று கேட்டார். கைதட்டல் அடங்க நேரமானது. பிறகு தேர்தல். தலைவர் போட்டியின்றி மீண்டும் தேர்வானார். இளைஞர் யாராவது துணைச் செயலாளராக வரலாமே என்று கேட்டபோது அக்கா மகன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். லிவர்பூலின் இளையோர் பயிற்சிக் கூடத்தில் யாரோ விலகுகிறார்களாம்.

வீட்டிலும் எனக்கொரு வாரிசு இருந்தான். மகளின் பையன். நடக்கத் தொடங்கியபோதே சிவப்புச் சட்டை. பிறகு ட்ரென்ட்டின் 66-ஆம் எண். ஆறு வயதில் கழகத்தில் சேர்ந்து அங்கேயே வளர்ந்த ட்ரென்ட், 2025 மே மாதம் மாட்ரிட்டுக்குப் போவதாகச் சொன்னபோது ஆன்ஃபீல்டே அவரைப் பழித்துக் கூச்சல் போட்டது. அத்தனை கோபமும் அவர்மேல் இருந்த நேரத்தில் என் பேரன் பிறந்தநாளுக்கு வெள்ளைச் சட்டை கேட்டான். ரியால் மாட்ரிட், 12-ஆம் எண்.

"நீ லிவர்பூல்காரன் இல்லையாடா?"

"அவரு அங்க இருந்த வரைக்கும் தாத்தா. இப்பதான் காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சே."

அன்றிரவு மேசையில் அவசரக் கூட்டம். அக்கா மகன் தலையை ஆட்டினான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே உக்கார வச்சுப் பேசியிருக்கணும் மாமா. கடைசி வருஷம் வரைக்கும் விட்டா ஃப்ரீயாத்தான் போவானுங்க." மாப்பிள்ளை, பையனுக்குத் தகப்பன், கணக்கை நேர் செய்தார். "வளர்த்ததுக்கு ஈட்டுத்தொகை கேட்க வழி இருக்கு மாமா. ஆனா சட்டையெல்லாம் வாங்கிக் குடுத்தது நான். அது எனக்குத்தான் வரணும்."

இவ்வளவு நேரமும் பேசாமலிருந்த யுனைடெட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பையன எங்கப் பக்கம் அனுப்பி வைங்க. எங்களுக்கு எந்த வேலைக்குன்னாலும் ஆள் தேவைதான்."